எய்தவனா, அம்பா: குவார்ட்டர்பேக்கையும் கோஆர்டினேட்டரையும் எந்த வரிசையில் மாற்றுவது?

2023 அக்டோபர் 21, ஐயோவா சிட்டி, கின்னிக் ஸ்டேடியம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம். எதிரணி மினசோட்டா. இடைவேளை வரை ஐயோவாதான் முன்னிலை. அதற்கப்புறம் இரண்டாம் பாதி முழுக்க ஐயோவாவின் அஃபென்ஸ், அதாவது பந்தோடு முன்னேறுகிற பிரிவு, நகர்ந்த தூரம் 12 யார்டு. ஒரு டவுன் பஸ்ஸின் நீளம், அவ்வளவுதான். அரை மணி நேர ஆட்டத்துக்கு ஒரு பஸ். மினசோட்டா ஒரு டச்டவுன்கூட (எதிரணியின் எல்லைக்குள், அதாவது எண்ட் ஸோனுக்குள், பந்தைக் கொண்டுபோவது) எடுக்காமல் மூன்று மூன்று புள்ளியாக நான்கு ஃபீல்டு கோல் உதைத்து 12-10 என்று ஜெயித்துவிட்டுப் போனது. கடைசி நேரத்தில் ஐயோவாவின் கூப்பர் டிஜீன், எதிரணி உதைத்துவிட்ட பந்தை (பண்ட்) பிடித்து ஓடிப் போட்ட டச்டவுனை, பந்து வருமுன் கையசைத்துவிட்டார் என்று நடுவர்கள் ரத்து செய்தார்கள்; கையசைத்தால் பிடித்த பிறகு ஓடக் கூடாது. அன்றைக்கு எல்லாரும் நடுவரைத்தான் திட்டினோம். ஆனால் 12 யார்டு நகர்ந்த அணிக்கு நடுவரைத் திட்ட என்ன யோக்கியதை இருக்கிறது என்று இரவு படுக்கும்போது தோன்றியது.

இந்த மாதிரி ஒரு தோல்வி வந்தால் போதும், நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "குவார்ட்டர்பேக்கை உட்கார வை" என்று ஒரு கட்சி, "ஆட்டத்தைக் கூப்பிடுகிற கோஆர்டினேட்டரைத் துரத்து" என்று இன்னொன்று. நடுவில் ஒருத்தர் "போர்ட்டலில் நல்ல ஆள் கிடைப்பான், கொஞ்சம் பொறு" என்பார். வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியல்தான் போர்ட்டல். எது சரி என்று என்னிடமும் பலர் கேட்டிருக்கிறார்கள். எந்த அணியின் ரசிகராக இருந்தாலும் இந்தக் கேள்வி வந்தே தீரும். எனக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஐயோவா என்பதால் அதை முதுகெலும்பாக வைத்துக்கொள்கிறேன், தேவைப்படும் இடத்தில் மற்ற அணிகளுக்குப் போய்வரலாம்.

கல்லூரி ஃபுட்பால் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வரி: பந்தை எறிகிற, ஆட்டத்தை நடத்துகிற ஆள் குவார்ட்டர்பேக். அவர் எறியப் போவது என்ன ஆட்டம் என்று ஹெட்செட் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முறையும் தேர்வு செய்கிறவர் ஆஃபன்சிவ் கோஆர்டினேட்டர். டிவி காட்டுவது முதல் ஆளின் முகத்தை. நம் கோபமும் அங்கேதான் முதலில் போகும்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் போதும். உண்மையில் உடைந்திருக்கிற இடத்தை இந்த மாற்றம் தொடுகிறதா? பலன் எத்தனை நாளில் தெரியும்? செலவு எவ்வளவு, யார் தலையில்? டிரெஸ்ஸிங் ரூமில் என்ன உடையும்? தப்பாகப் போனால் திரும்பி வர வழி இருக்கிறதா?

இதில் முதல் கேள்விதான் கடினம், ஏனென்றால் நாம் பந்தையே பார்க்கிறோம். ஒரு ஆட்டத்தைப் பதிவு செய்து இரண்டாம் முறை பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஸ்னாப் ஆனதிலிருந்து, அதாவது பந்து பின்னால் கொடுக்கப்பட்டதிலிருந்து, இரண்டரை விநாடிக்குள் குவார்ட்டர்பேக் மீது ஆள் விழுகிறதா? அப்படியானால் கோளாறு முன்னால் நிற்கிற ஐந்து பேரிடம், அதாவது ஆஃபன்சிவ் லைனில். நேரம் கிடைத்தும் எறியாமல் நிற்கிறார், பந்தைப் பிடிக்க ஓடும் எந்த ரிசீவரும் காவலில்லாமல் இல்லை, அப்படியானால் கோளாறு வரைந்த ஆட்டத்தில். ரிசீவர் தனியாக நிற்கிறார், பந்து அவர் தலைக்கு மேலே இரண்டு அடி தள்ளிப் போகிறது, அப்போது மட்டும்தான் கோளாறு குவார்ட்டர்பேக்கின் கையில்.

இன்னொரு சோதனையும் உண்டு. பெரும்பாலான கோஆர்டினேட்டர்கள் ஒரு போட்டியின் முதல் பத்துப் பதினைந்து நகர்வுகளை வாரம் முழுக்க யோசித்து முன்கூட்டியே எழுதிக்கொண்டு வருவார்கள். கையில் பந்து கிடைத்த முதல் டிரைவில் அழகாக நகர்ந்து, எழுதி வைத்த தாள் தீர்ந்ததும் அணி படுத்துவிடுகிறது என்றால், எதிரணி மாற்றிக்கொண்டதற்கு ஏற்ப இவருக்கு மாற்றத் தெரியவில்லை என்று அர்த்தம். அதற்குக் குவார்ட்டர்பேக் என்ன செய்வார்? எய்தவன் இருக்க அம்பை நோவதில் பயனில்லை. சில நேரம் அம்பும் கோணல்தான், அதையும் மறைக்க வேண்டாம்.

## ஐயோவாவின் நான்கு பருவங்கள்

| பருவம் | கோஆர்டினேட்டர் | குவார்ட்டர்பேக்குகள் | ஆட்டத்துக்குச் சராசரிப் புள்ளி |
|---|---|---|---|
| 2021 | பிரையன் ஃபெரன்ட்ஸ் | பெட்ராஸ், பாடியா | 23.4 |
| 2022 | பிரையன் ஃபெரன்ட்ஸ் | பெட்ராஸ், பாடியா, லபாஸ் | 17.7 |
| 2023 | பிரையன் ஃபெரன்ட்ஸ் | மெக்நமாரா, ஹில் | 15.4 |
| 2024 | டிம் லெஸ்டர் | மெக்நமாரா, சல்லிவன், ஸ்ட்ராட்டன் | 27.7 |

இதில் டிஃபென்ஸ் எடுத்த புள்ளிகளும் சேர்த்தி. டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஃபில் பார்க்கரின் டிஃபென்ஸ் நாட்டிலேயே சிறந்தவற்றில் ஒன்று, பல வாரங்களில் அஃபென்ஸின் மானத்தையும் அதுதான் காப்பாற்றியது. 2022-ல் சவுத் டகோடா ஸ்டேட்டை ஐயோவா 7-3 என்று ஜெயித்தது. அந்த ஏழும் டச்டவுனில் வந்ததில்லை: ஒரு ஃபீல்டு கோல், இரண்டு சேஃப்டி. எதிரணியை அவர்களுடைய எண்ட் ஸோனிலேயே டிஃபென்ஸ் அமுக்கியதால் கிடைத்த இரண்டிரண்டு புள்ளிகள்.

அட்டவணையின் மூன்றாவது பத்தியை மேலிருந்து கீழே படியுங்கள். பிரையனின் கீழ் ஐந்து பேர் மாறினார்கள், புள்ளி இறங்கிக்கொண்டே போனது. 2024-ல் காயம், குழப்பம், மூன்று குவார்ட்டர்பேக்குகள் என்று எல்லாத் தொல்லையும் அப்படியே இருந்தது. மாறியது கோஆர்டினேட்டர். ஆட்டத்துக்குப் பன்னிரண்டு புள்ளி கூடியது.

இப்போது வழிகளைப் பார்க்கலாம்.

## வழி 1: இருப்பவரோடு பொறுத்துப் போவது

பார்வைக்குச் செலவே இல்லாத வழி. தலைமைக் கோச்சுகளுக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான். 2022-ல் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 54-10 என்று அடிவாங்கிய அன்று இடைவேளையில் ஸ்பென்சர் பெட்ராஸை உட்கார வைத்து அலெக்ஸ் பாடியாவை இறக்கினார்கள். அடுத்த வாரம் மறுபடி பெட்ராஸ். நார்த்வெஸ்டர்னை நன்றாகவே ஜெயித்தார், அதையும் சொல்ல வேண்டும்.

மறைமுகச் செலவு பென்ச்சில் உட்கார்ந்திருக்கிறது. முன்பெல்லாம் இரண்டாம் ஆள் இரண்டு மூன்று வருடம் காத்திருப்பார். 2021-லிருந்து ஒரு வருடம் வெளியே உட்காராமலே வேறு கல்லூரிக்குப் போகலாம், 2024-லிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். பாடியா 2021-ல் தொடங்கிய மூன்று ஆட்டமும் வெற்றி. ஆனாலும் பெட்ராஸ் தேறியதும் இடம் போயிற்று. 2022 முடிவில் பாடியா கிளம்பி எஸ்.எம்.யூ. என்ற கல்லூரிக்குப் போய்விட்டார். பெட்ராஸுக்குத் தோளில் காயம். கென்டக்கிக்கு எதிரான மியூசிக் சிட்டி பவுல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தொடங்காத ஜோ லபாஸை இறக்க வேண்டியதாயிற்று. 21-0 என்று ஜெயித்தார்கள், ஆனால் மூன்று டச்டவுனில் இரண்டு டிஃபென்ஸ் பறித்த பந்தில் வந்தவை!

பொறுத்துப் போவது சரியான முடிவாவது எப்போது? லைன் உடைந்திருக்கும்போது, அல்லது ஆட்டத்தின் வரைபடமே மோசமாக இருக்கும்போது. அதற்கு லூயிசியானா ஸ்டேட், அதாவது எல்.எஸ்.யூ.வைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. 2018-ல் ஜோ பர்ரோ 16 டச்டவுன் எறிந்தார், பரவாயில்லை ரகம். 2019-ல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற இளைஞரைப் பாஸிங், அதாவது எறியும் ஆட்டத்துக்கென்று கூட்டிவந்தார்கள். அதே பர்ரோ 60 டச்டவுன், ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது, 15-0, சாம்பியன். 2018-ல் "வேறு குவார்ட்டர்பேக் பார்" என்று யாராவது கேட்டு அது நடந்திருந்தால்?

## வழி 2: பென்ச்சிலிருந்து ஆளை இறக்குவது

ஸ்டேடியத்தில் சத்தமாகக் கேட்கிற வழி இதுதான். பைசா செலவில்லை, பலன் அன்றைக்கே தெரியும். பலித்தால் சரித்திரமாகிவிடும். 2018 ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் அலபாமா 13-0 என்று ஜார்ஜியாவிடம் பின்தங்கியிருந்தது. அலபாமா கோச் நிக் சேபன் ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்து முதலாண்டுப் பையன் டுவா டாகோவைலோவாவை இறக்கினார், ஓவர்டைமில் 26-23. 2021-ல் ஓக்லஹோமா டெக்சஸிடம் முதல் கால்பகுதியில் 28-7 என்று பின்தங்கிய ஆட்டத்தில் ஸ்பென்சர் ராட்லருக்குப் பதில் கேலப் வில்லியம்ஸ் வந்தார், 55-48 என்று முடிந்தது.

இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டியது, வந்தவர்கள் போனவர்களைவிட வேறு வகை ஆட்டக்காரர்கள், அவர்களைச் சுற்றி அசாத்தியத் திறமையுள்ள ரிசீவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஓடாத வண்டிக்கு டிரைவரை மாற்றிய கதையில்லை. நல்ல வண்டியைச் சரியான கையில் கொடுத்த கதை. ஐயோவாவில் நடந்தது முதல் வகை. 2023 செப்டம்பர் 30 அன்று மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தில் கேட் மெக்நமாராவின் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. டீகன் ஹில் வந்தார். பருவம் முழுக்க எறிந்ததில் பாதிகூட யார் கையிலும் சேரவில்லை. விஸ்கான்சின் ஆட்டத்தில் அவர் எறிந்து கிடைத்த மொத்த தூரம் 37 யார்டு, அதையும் ஐயோவா 15-6 என்று ஜெயித்தது. ரசிகர்கள் பண்ட் உதைக்கிற டோரி டெய்லர் களமிறங்கும்போது எழுந்து நின்று கைதட்டினார்கள். மெல்போர்னிலிருந்து வந்தவர். அந்த ஒரே பருவத்தில் 93 பண்ட், 4,479 யார்டு. 1938-லிருந்து நின்ற சாதனையை முறியடித்தார். பண்ட் என்பது "எங்களால் முடியவில்லை, நீயே வைத்துக்கொள்" என்று பந்தைக் கொடுத்துவிடுவது. அதில் தேசிய சாதனை படைக்கும் அளவுக்கு வாய்ப்பு கிடைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறைமுகச் செலவுக்கு உதாரணம் கிளெம்சன், 2018. நான்கு ஆட்டமும் ஜெயித்த நிலையில் கெல்லி பிரையன்ட்டை விட்டு டிரெவர் லாரன்ஸுக்கு இடம் கொடுத்தார்கள். பிரையன்ட் அணியை விட்டே போய்விட்டார். அடுத்த ஆட்டத்திலேயே, சிராக்யூஸுக்கு எதிராக, லாரன்ஸுக்கு அடிபட்டது. மூன்றாம் ஆள் சேஸ் பிரைஸ் வந்து 27-23 என்று தப்பிக்க வைத்தார். அந்தப் பருவம் 15-0 என்று முடிந்ததால் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். நூலிழையில் போயிருக்கும்.

ஆகவே இந்த வழி எப்போது? மேலே சொன்ன மூன்றாவது நிலைமையில், அதாவது ரிசீவர் தனியாக நிற்கிறார், பந்து போய்ச் சேரவில்லை, அது வாராவாரம் நடக்கிறது. அப்போது யோசிக்கவே வேண்டாம்.

## வழி 3: டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் ஆள் எடுப்பது

பர்ரோவே ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து வந்தவர்தான். 2025-ல் இண்டியானாவில் ஹைஸ்மன் வாங்கிய ஃபெர்னாண்டோ மெண்டோசா கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். இன்றைக்கு இது விதிவிலக்கு கிடையாது, வழக்கமே இதுதான்.

செலவு முன்பு மறைமுகமாக இருந்தது, இப்போது வெளிப்படை. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம், முதல் ஆண்டுக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு 2.05 கோடி டாலர். அந்தப் பானையிலிருந்து குவார்ட்டர்பேக்குக்கு ஒரு பெரிய அகப்பை போனால் லைனில் நிற்கிற ஐந்து பேருக்கு மிச்சம் என்ன என்பதுதான் யாரும் கேட்காத கேள்வி. அப்புறம், வருகிறவர் பெரும்பாலும் கடைசி ஒரு வருடம் ஆட வருவார். அடுத்த டிசம்பரில் மறுபடி அதே தேடல்.

ஐயோவா இரண்டு முறை பெரிய பெயராகப் பார்த்து எடுத்தது, இரண்டு பேரும் முன்னால் ஐயோவாவுக்கு எதிராக ஆடியவர்கள். ஐயோவா ஆடும் லீக்கான பிக் டென்னின் 2021 இறுதியில் 42-3 என்று ஐயோவாவை நசுக்கிய மிச்சிகனின் குவார்ட்டர்பேக் மெக்நமாரா. அடுத்த வருடம் ஜே.ஜே. மெக்கார்த்தியிடம் இடம் இழந்து ஐயோவா வந்தார். ஐந்தாவது ஆட்டத்தில் கால் போனது. காலோடு ஆடிய நான்கு ஆட்டத்திலும் அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் வரைபடம் பழையதேதான். அடுத்தவர் மார்க் க்ரனாவ்ஸ்கி. சவுத் டகோடா ஸ்டேட்டுக்கு கல்லூரி ஃபுட்பாலின் இரண்டாம் அடுக்கான எஃப்.சி.எஸ்.ஸில் இரண்டு பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அந்த 7-3 ஆட்டம் நினைவிருக்கிறதா, அன்றைக்கு இரண்டு சேஃப்டி கொடுத்துத் தோற்ற அணியின் குவார்ட்டர்பேக் இவரேதான். எறிவது சுமார்தான், ஆனால் எண்ட் ஸோன் பக்கம் வந்துவிட்டால் காலாலேயே முடித்துவிடுவார். லெஸ்டர் அதற்கேற்ப ஆட்டத்தை வரைந்தார். 2025-ல் அணிக்கு ஒன்பது வெற்றி.

இரண்டுமே போர்ட்டல்தான். முதலாமவர் வந்தபோது மாற வேண்டிய கோஆர்டினேட்டர் மாறவில்லை, இரண்டாமவர் வந்தபோது மாறியிருந்தார். எனக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

## வழி 4: கோஆர்டினேட்டரை மாற்றுவது

ஐயோவாவில் இதில் ஒரு வீட்டு விவகாரமும் சேர்ந்திருந்தது. பிரையன், 1999-லிருந்து தலைமைக் கோச்சாக இருக்கும் கர்க் ஃபெரன்ட்ஸின் மகன். உறவினர் விதியால் அவர் அப்பாவுக்குக் கீழே இல்லாமல், கல்லூரியின் எல்லா விளையாட்டையும் கவனிக்கும் தடகள இயக்குநருக்குக் கீழே வேலை செய்வதாகக் காகிதத்தில் இருந்தது. 2022 அலங்கோலத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள்: சம்பளம் 8.5 லட்சம் டாலராகக் குறைப்பு, 2023-ல் ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி, ஏழு வெற்றி என்று இலக்கு. 13 ஆட்டத்துக்குக் கணக்குப் போட்டால் 325. டிஃபென்ஸ் எடுக்கும் புள்ளியும் அதில் சேர்த்தி, அதாவது ஃபில் பார்க்கரின் உழைப்பில் பிரையனுக்குப் போனஸ்! நாடே உட்கார்ந்து வாராவாரம் எண்ணியது. மினசோட்டா ஆட்டம் முடிந்து ஒன்பதாம் நாள், அக்டோபர் 30 அன்று, இடைக்காலத் தடகள இயக்குநர் பெத் கோட்ஸ் இந்தப் பருவத்தோடு அவர் விலகுவார் என்று அறிவித்தார்.

அறிவித்துவிட்டு, பருவம் முடியும்வரை வைத்துக்கொண்டார்கள். பலருக்குக் கோபம், எனக்கும்தான். ஆனால் பின்னால் யோசித்தால் அது புத்திசாலித்தனம். நடுப் பருவத்தில் துரத்தினால் ஆட்டத்தைக் கூப்பிடப் போவது அதே அறையில் இருக்கிற இன்னொரு உதவிக் கோச், கையில் இருப்பது அதே ஆட்டப் புத்தகம். பழைய மாவில் புதுத் தோசைக்கல். ஐயோவா நவம்பரில் நான்கு ஆட்டத்தையும் 10-7, 22-0, 15-13, 13-10 என்று எப்படியோ ஜெயித்தது. அப்புறம் மிச்சிகனிடம் 26-0, டென்னசியிடம் 35-0. மொத்தக் கணக்கில் யார்டு எண்ணிக்கையில் நாட்டிலேயே கடைசி.

மறைமுகச் செலவுகள்: புதுப் புத்தகம் படிக்க ஒரு வசந்தகாலப் பயிற்சி போதாது. பழைய கோச்சை நம்பி வந்த பையன்கள் கிளம்புவார்கள். வந்தவர் நன்றாகச் செய்தால் இன்னும் ஆபத்து, எல்.எஸ்.யூ.வின் பிரேடி ஒரே பருவத்தில் கரோலைனா பேந்தர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய்விட்டார், 2020-ல் அணி 5-5. கோஆர்டினேட்டர் மாறினால் எல்லாம் சரியாகும் என்றும் இல்லை. 2024-ல் ஐயோவாவின் புள்ளி ஏறியதற்குப் பெரிய காரணம் ஓட்டக்காரர் கேலப் ஜான்சன், 1,537 யார்டு, 21 டச்டவுன். முந்தைய வருடம், காயமும் சேர்ந்து, 500 யார்டைக்கூடத் தொடாதவர். அவருக்கு இடம் திறந்துவிட்டது லெஸ்டரின் வரைபடம். பாஸிங் மட்டும் அப்போதும் நாட்டின் அடிமட்டத்தில்தான் கிடந்தது. அம்பு கோணல் என்று சொன்னேனே, அது இந்த இடம்.

## தலைமைக் கோச்சையே அனுப்புவது

ஒரே வார்த்தை: பணம். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் ஜிம்போ ஃபிஷரை அனுப்ப ஒப்புக்கொண்ட தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். நம் ஊரில் ஏழரை பிடித்தால் சனிக்கிழமை எள் தீபம் போடுவோம், அவர்கள் காசோலை போட்டார்கள். கோளாறு அஃபென்ஸில் மட்டும் இருந்தால் இந்தக் கதவைத் தட்ட வேண்டாம். தலைமைக் கோச் கோஆர்டினேட்டரை மாற்ற மறுக்கும்போது மட்டும் இது பேச்சுக்கு வரலாம்.

## என்னைக் கேட்டால்

கோஆர்டினேட்டர் முதலில், அவரைக் கேட்டுவிட்டுக் குவார்ட்டர்பேக். பருவத்தின் நடுவில் எதையாவது மாற்றியே ஆக வேண்டுமென்றால் பென்ச் மட்டும், அதுவும் ரிசீவர் தனியாக நிற்பதை உங்கள் கண்ணால் பார்த்திருந்தால். லைன் உடைந்த அணியில் இரண்டையும் தொடாதீர்கள், போர்ட்டல் பணத்தை முன்வரிசைக்குச் செலவு செய்யச் சொல்லுங்கள்.

வரிசையைப் போலவே தேதியும் முக்கியம். குவார்ட்டர்பேக் என்ன பார்த்து வருவார்? பணமும் பார்ப்பார், அதோடு யார் ஆட்டத்தைக் கூப்பிடப் போகிறார் என்றும் பார்ப்பார். ஐயோவா அக்டோபரிலேயே பிரையனுக்கு விடை கொடுத்துவிட்டு, லெஸ்டரை எடுத்தது ஜனவரி கடைசியில். மூன்று மாதம்! அதற்குள் போர்ட்டலில் நல்ல குவார்ட்டர்பேக்குகள் எல்லாம் இடம் பிடித்துவிட்டார்கள். மெக்நமாராவின் முழங்கால் ஆறக் காத்திருந்தது அணி, வசந்தத்தில் ஹில் கிளம்பிப் போனார், அதற்கப்புறம்தான் நார்த்வெஸ்டர்னிலிருந்து பிரெண்டன் சல்லிவன் வந்து சேர்ந்தார். அவர் தொடங்கிய விஸ்கான்சின் ஆட்டத்தில் ஐயோவா 42 புள்ளி எடுத்தது. அடுத்த வாரம் யூ.சி.எல்.ஏ.விடம் அவருக்கும் அடிபட்டது.